வாய்க்காலுக்கு இஞ்சாலையும் அங்காலையும்: எதிரெதிர்க் கழகம் ரெண்டுக்கும் ஒராள் ஜேர்சி கீறலாமோ?

வாய்க்கால்கரை

வணக்கம். கனநாளா வாசிக்கிறனான், எழுதுறது இதுதான் முதல்தரம்.

கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறன். பகலில ஒரு கடையில வேலை, இரவில வீட்டில இருந்து டிசைன். கழகங்களுக்கு ஜேர்சி, லோகோ, சுற்றுப்போட்டி நோட்டீஸ், பனர், வெண்டால் பேஸ்புக்கில போடுற படம். செத்தவீட்டு அஞ்சலிப் பனரும்தான், அதில்தான் ஒழுங்காக் காசு வரும்.

இரணைமடு வாய்க்கால் ஒண்டு எங்கட ஊரைப் பிரிச்சுக்கொண்டு போகுது. வாய்க்காலுக்கு இஞ்சாலை ஒரு கழகம், அங்காலை ஒரு கழகம். பேர் வேண்டாம், ஊர்ச் சனம் கண்டுபிடிச்சிடும். நான் இஞ்சாலை ஆள். 19 வயதுக்குக் கீழ இஞ்சாலைக்கு விளையாடினனான். மூண்டு வருசமா அவையிட வேலை எல்லாம் நான்தான். காசு எண்டு பெரிசா இல்லை. மூவாயிரம் தருவினம், சிலவேளை கொத்துரொட்டியோட முடியும்.

இப்ப அங்காலையும் கேட்டு வந்திருக்கினம். சுவிஸில இருக்கிற ஒருத்தர் அனுசரணை. 22 ஜேர்சி, புது லோகோ, மின்னொளிச் சுற்றுப்போட்டிக்கு ஒரு அறிமுக வீடியோ, எல்லாத்துக்கும் பதினையாயிரம். அந்தச் சுற்றுப்போட்டியில ரெண்டு கழகமும் விளையாடுது.

எடுக்கலாமோ? இஞ்சாலைக்குச் சொல்லவேணுமோ? எழுத்தில ஒரு ஒப்பந்தமும் இல்லை.

முறிகண்டிக்கச்சான்

முறிகண்டியில கச்சான் விக்கிற அம்மா யாழ்ப்பாணம் போற பஸ்சுக்கும் விக்கிறா, கொழும்பு போற பஸ்சுக்கும் விக்கிறா. ஆரும் கேள்வி கேக்கிறேல்லை. எடு தம்பி.

விசில்காரன்

@முறிகண்டிக்கச்சான் கச்சானுக்கு இரகசியம் இல்லையே அண்ணை. ஜேர்சி அப்பிடி இல்லை, ஆர் அனுசரணை, என்ன நிறம், எத்தினையாம் நம்பருக்கு வெளியால இருந்து ஆள் வருது, இதெல்லாம் டிசைன் செய்யிறவனுக்கு முதலே தெரியும். நான் மத்தியஸ்தம் பாக்கிறனான், என்ர மச்சான் விளையாடுற ரீம் எண்டால் விசிலை வேறை ஆளிட்டைக் குடுத்திட்டுப் போயிடுவன். டிசைன்காரருக்கு அப்பிடி ஒரு வழக்கம் இல்லையோ?

ஸ்காபரோப்பனை

நான் புதுக்குடியிருப்பு, இப்ப ரொறன்ரோவில டிசைன் வேலை. இஞ்ச பெரிய நிறுவனம் எண்டால் “எங்களுக்குச் செய்யிற காலத்தில எங்கட போட்டியாளருக்குச் செய்யக்கூடாது” எண்டு ஒப்பந்தத்தில போடுவினம். போடுறதுக்குத் தனிக் காசும் தருவினம். அதைத்தான் தம்பி கவனிக்கவேணும். மற்றவனுக்குச் செய்யாதை எண்டு ஒருத்தன் கேட்டால் அவன் உன்ர வருமானத்தில ஒரு பங்கை அடைக்கச் சொல்லுறான், அதுக்கு விலை இருக்கு. கொத்துரொட்டி அந்த விலை இல்லை.

ஒரு பழைய கதை சொல்லுறன். போல் ராண்ட் எண்டொரு ஆள், ஐபிஎம் லோகோவை 1956இல கீறினவர். 1972இல வந்த கோடு போட்ட எட்டுக்கோட்டு லோகோவும் அவற்றதுதான். 1986இல ஸ்டீவ் ஜொப்ஸ் தான் புதுசாத் தொடங்கின நெக்ஸ்ட் கொம்பனிக்கு லோகோ கீறித் தரச்சொல்லி இவரைத்தான் பிடிச்சவர். ரெண்டும் கம்பியூட்டர் கொம்பனி. ராண்ட் அப்பவும் ஐபிஎம்முக்கு ஆலோசகர். என்ன செய்தவை எண்டால், ஐபிஎம்மிட்டையே நேர போய் அனுமதி கேட்டவை. அவையும் ஓம் எண்டிட்டினம். பிறகு ராண்ட் ஒரேயொரு லோகோவைக் கீறிக் குடுத்து ஒரு லட்சம் டொலர் வாங்கினவர்.

அவ்வளவு பெரிய இடத்திலயே கேட்டுத்தான் செய்திருக்கினம். நீயும் போய்க் கேள்.

முறிகண்டிக்கச்சான்

ஒரு லட்சம் டொலர் வருமெண்டால் நானும் ஐபிஎம்மிட்டைக் கேப்பன்.

கூத்துக்காரி

தம்பி, நான் முல்லைத்தீவுப் பக்கம். நாடகம் பழக்குறனான். தமிழ்மொழித்தினப் போட்டி வந்தால் பள்ளிக்கூடங்கள் தேடி வரும். ஒரு வருசம் ஒரே வலயத்தில ரெண்டு பள்ளிக்கூடம் வந்தது, ரெண்டுக்கும் பண்டாரவன்னியன்தான் வேணுமாம், வெள்ளைக்காரரோட சண்டை பிடிச்ச எங்கட வன்னி அரசன். எங்கட பக்கத்தில வேறை ஆரைக் கேப்பினம்!

ஒண்டை விட்டிருக்கலாம். விட மனம் வரேல்லை. ஒண்டு ரோட்டுப் பக்கப் பள்ளிக்கூடம், மற்றது உள்ளுக்க, அதுக்கு வேறை ஆர் போகப்போகினம்? ரெண்டு அதிபரையும் ஒரே நாளில கண்டு, மற்றப் பள்ளிக்கூடத்துக்கும் செய்யிறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் தொடங்கினனான். ஒண்டுக்கு முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடிச்ச கதை, மற்றதுக்குக் கற்சிலைமடுவில தோத்த கதை. ரெண்டும் 1803தான், ஆனால் ஒண்டு முரசு, மற்றது ஒப்பாரி. ஒரு வசனம்கூடப் பொதுவில்லை. கொப்பியும் ரெண்டு. ஒரு கொப்பியை மற்றப் பள்ளிக்கூட வளவுக்குள்ள கொண்டே போறேல்லை.

ஆனால் ஒரு உண்மை சொல்லவேணும். தோத்த கதைப் பிள்ளையள் ஒத்திகையில நல்லாச் செய்யேக்கை, இந்த உத்தியை மற்றப் பிள்ளையளுக்கும் சொல்லிக்குடுத்தால் என்ன எண்டு கை துருதுருத்தது. சொல்லிக்குடுக்கேல்லை. அது சரியோ எண்டு இப்பவும் தெரியேல்லை, அந்த உத்தி என்ர மூளையில வந்ததுதானே. அந்த வருசம் நடுவரா வரச்சொல்லியும் கேட்டவை. அதுக்கு மட்டும் யோசிக்காமல் மாட்டன் எண்டிட்டன்.

வாய்க்கால்கரை

நன்றி அக்கா. நீங்க கடைசியாச் சொன்னதுதான் எனக்கும் குழப்பம். போன வருசம் இஞ்சாலைக்குக் கடும்பச்சையில கறுப்பு நம்பர் போட்டனான். பகலில வடிவா இருந்தது. மின்னொளியில ஒரு நம்பரும் தெரியேல்லை, அறிவிப்பாளர் மாறி மாறிப் பேர் சொல்ல சனம் சிரிச்சது. அண்டைக்குப் படிச்சனான், இரவுக்கு நம்பர் வெள்ளையா, தடிப்பா, ஓரம் கட்டி வரவேணும் எண்டு. இப்ப அதை அங்காலைக்குச் செய்தால் இஞ்சாலையிட காசில படிச்சதை வித்த மாதிரி இல்லையோ?

அச்சுக்கூடத்தார்

தம்பி, நான் வவுனியாவில அச்சுக்கூடம் நடத்துறவன். வயது அறுபத்திரண்டு. நம்பர் தடிப்பாப் போடவேணும் எண்டது தொழில். பிழைவிட்டுப் படிச்சது உம்முடைய கையில சேர்ந்திட்டுது, அதை ஒருத்தரும் திருப்பிக் கேக்க ஏலாது. இஞ்சாலைச் செயலாளர் உம்மட்டைத் தனியச் சொன்ன விசயம் அப்பிடியில்லை, அது அவை உம்மட்டை வைச்ச அடைமானம்.

தேர்தல் வந்தால் நான் எல்லாக் கட்சிக்கும் அடிக்கிறன். 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தலுக்கும் அப்பிடித்தான். ஒளிக்கவும் ஏலாது, துண்டுப்பிரசுரத்தில அச்சிட்டவர், வெளியிட்டவர் பேர் விலாசம் போடவேணும் எண்டது சட்டம். மூண்டு கட்சிக்காரரும் மூண்டு நோட்டீசிலயும் என்ர பேரைப் பாக்கினம். அதால ஆரும் கோவிச்சதில்லை.

ஒருக்கா மட்டும் பிரச்சினைப்பட்டது. கனவருசத்துக்கு முதல் ஒரு கட்சியிட போஸ்டர் கட்டை, மற்றக் கட்சியிட பழுதாப்போன தாளால சுத்திக் குடுத்திட்டான் எங்கட பெடியன். வழமையாக் கழிவுத்தாளாலதானே சுத்துறது. அதில அடுத்த நாள் வெளிவர இருந்த வாசகம் கிடந்திட்டுது. விடிய நாலு பேர் கடைக்கு முன்னால. அண்டைக்குப் பிறகு கழிவுத்தாளை வேலை முடிய அங்கயே கிழிக்கிறது, பிளேட்டைக் கவிட்டு வைக்கிறது.

நீர் ஒண்டை மறைக்கிறீர் எண்டு நினைக்கிறன். “எடுக்கலாமோ” எண்டு கேட்டு எழுதியிருக்கிறீர், ஆனால் எடுத்தவன் கதைக்கிற மாதிரிக் கதைக்கிறீர்.

முறிகண்டிக்கச்சான்

ஐயா பிளேட்டைப் பிரட்டிப் பாத்திட்டார்.

சட்டப்புத்தகம்

ஒப்பந்தம் இல்லை என்பதால் சட்டம் இல்லை என்று நினைக்கவேண்டாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, தொழில் தருநரிடம் வேலை செய்பவர் அந்த வேலையின்போது ஆக்கும் படைப்பின் பொருளாதார உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், தொழில் தருநருக்குரியது. நீங்கள் கழகத்தின் ஊழியர் அல்ல. ஆகவே நீங்கள் வரைந்த லோகோ, எழுதிக் கொடுக்கும்வரை உங்களுடையது. பல கழகங்களுக்கு இது தெரியாது. தெரிந்தால் மயக்கம் போடுவார்கள்.

தகவல் வேறு விடயம். அதே சட்டத்தின் 160ஆம் பிரிவு நியாயமற்ற போட்டியைப் பற்றிப் பேசும்போது வெளியிடப்படாத தகவலையும் தொடுகிறது. ஆனால் அது வணிகத்துக்கானது. ஊர்க் கழகத்தின் ஜேர்சி நிறத்தைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போகும்படி நான் எவருக்கும் சொல்லமாட்டேன்.

வாய்க்கால்கரை

ஐயா சொன்னது சரி. மன்னிக்கவேணும். அங்காலையிட்டை பத்து நாளுக்கு முதலே ஐயாயிரம் அட்வான்ஸ் வாங்கிட்டன்.

அதோட விசயம் இன்னும் இருக்கு. இஞ்சாலை இவ்வளவு நாளும் நீலம், பச்சை எண்டு மாறி மாறிப் போட்டது. இந்த முறை பனம்பழ நிறத்துக்கு மாறுது, நல்ல பழுத்த செம்மஞ்சள். செயலாளர் அண்ணை என்னட்டை மட்டும் சொல்லி, “அண்டைக்கு இறங்கேக்கைதான் சனம் பாக்கவேணும்” எண்டவர். நானும் கீறி முடிச்சிட்டன்.

பிறகு அங்காலைக்காரர் வீட்டை வந்து இருந்து, தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு, “தம்பி எங்களுக்குச் செம்மஞ்சள் வேணும்” எண்டினம். ஆரும் சொல்லிக்குடுக்கேல்லை, அவையாத்தான் யோசிச்சிருக்கினம். எனக்குக் கை காலெல்லாம் விறைச்சுப் போச்சு. வேண்டாம் எண்டால் ஏன் எண்டு கேப்பினம். ஓம் எண்டால் ரெண்டு ரீமும் ஒரே நிறத்தில இறங்கும்.

அதால, “மின்னொளிக்குச் செம்மஞ்சள் சரிவராது அண்ணை, எடுபடாது” எண்டு சொன்னனான். நம்பிட்டினம். இப்ப அவைக்கு வெளிர்நீலம்.

அச்சுக்கூடத்தார்

மின்னொளிக்குச் செம்மஞ்சள் நல்லா எடுக்கும்.

வாய்க்கால்கரை

தெரியும் ஐயா.

விசில்காரன்

நிறம் சின்ன விசயமில்லை எண்டதை இடையில சொல்லிப்போட்டுப் போறன். உதைபந்தாட்ட விதி 4: ரெண்டு ரீமும் ஒண்டையொண்டு பிரிச்சு அறியக்கூடிய நிறத்தில இருக்கவேணும், மத்தியஸ்தரிட உடுப்பிலயிருந்தும் வித்தியாசமா இருக்கவேணும். ரெண்டும் செம்மஞ்சளில வந்தால் நான் ஒரு ரீமை ஜேர்சிக்கு மேல பிப், அதுதான் அந்தக் கையில்லாத மேற்சட்டை, போடச் சொல்லுவன். சுவிஸ்காரர் காசு குடுத்த 22 ஜேர்சியும் பிப்புக்குக் கீழ. அதாலதான் பல இடத்தில நிறத்தை முன்கூட்டியே ஏற்பாட்டுக்குழுவுக்கு எழுதிக் குடுக்கச் சொல்லுறது. உங்கட சுற்றுப்போட்டியில அப்பிடி ஒரு வழக்கம் இருந்திருந்தால் உனக்கு இந்தப் பாடு இல்லை.

ஸ்காபரோப்பனை

நான் முதல் எழுதினதைத் திருத்துறன். போய்க் கேட்டால் முடிஞ்சுது எண்டு நினைச்சனான். இது வேறை. அங்காலைக்காரர் உனக்குக் காசு தாறது கை வேலைக்கு மட்டுமில்லை, “எது நல்லம்” எண்டு நீ சொல்லுறதுக்கும்தான். மற்றப் பக்கத்தின்ர இரகசியம் உன்ர வாயைக் கட்டிப்போட்டுது. நல்லதைக் கெட்டது எண்டு சொல்ல வைச்சிட்டுது. இஞ்சாலைக்குத் துரோகம் செய்யக்கூடாது எண்டு பயந்து கொண்டிருந்திருக்கிறாய், துரோகம் நடந்தது அங்காலைக்கு.

கூத்துக்காரி

ஓம். “இந்த வேலையை நான் எடுக்க ஏலாது, காரணம் கேக்காதேங்கோ” எண்டிருந்தால் முடிஞ்சிருக்கும். காரணம் சொல்லாமல் விலகுறது பொய் இல்லை.

முறிகண்டிக்கச்சான்

ஒரு ஜேர்சிக்கு இவ்வளவு கதையோ? ஊரில இருக்கிறது ஒரு டிசைன்காரன். அவன் ஒதுங்கினால் மற்றக் கழகம் கூகிளில படம் எடுத்து அடிக்கும், எல்லாரும் மன்செஸ்ரர் யுனைட்டட்.

ஸ்காபரோப்பனை

அதுவும் உண்மைதான். இஞ்சத்தைச் சட்டத்தை அப்பிடியே வன்னிக்குக் கொண்டுவர ஏலாது. இஞ்ச விலகினால் பக்கத்து ரோட்டில பத்துப் பேர்.

வாய்க்கால்கரை

இரவு நித்திரை இல்லாமல் எழுதுறன். நடந்ததைக் கேளுங்கோ.

அனுசரணையாளரிட மகன் சுவிஸில இருந்து, தானும் கொஞ்சம் டிசைன் பழகுறாராம், லோகோவை மாத்திப் பாக்கத் திறந்த பைல் அனுப்புங்கோ எண்டு கேட்டவர். அனுப்பிட்டன். நான் புதுசாத் தொடங்குறேல்லை, பழைய ஜேர்சிப் பைலைத் திறந்து அதுக்கு மேலதான் கீறுறது. இஞ்சாலையிட லேயரை (ஒண்டுக்கு மேல ஒண்டாக் கீறுற அடுக்கு) கண்ணை மூடி, அதாவது திரையில காட்டாமல் மறைச்சு, விட்டிட்டு மேல அங்காலைக்குக் கீறியிருக்கிறன். அழிக்கேல்லை.

ஒண்டரை மணித்தியாலத்தால வட்ஸ்அப்பில ஒரு ஸ்கிரீன்சொட். பனம்பழ நிறம், நெஞ்சில இஞ்சாலையிட லோகோ. கீழ ஒரு வரி: “அண்ணா இது யாருட? நீங்க செம்மஞ்சள் சரிவராது எண்டல்லோ சொன்னீங்க?”

நீலக்கோடு விழுந்திட்டுது, பாத்தது அவருக்குத் தெரியும். பதில் போடேல்லை இன்னும்.

முறிகண்டிக்கச்சான்

ஐயோ தம்பி.

இதுக்குப் பகிடி வரேல்லை எனக்கு.

நந்திக்கடல்நண்டு

கார் பந்தயம் பாக்கிற பழக்கத்தில ஒண்டு சொல்லுறன். பெராரியும் மக்லரனும் எதிரெதிர்ப் பந்தய ரீம். 2007இல பெராரியிட 780 பக்க இரகசியத் தாள்கள் மக்லரனிட தலைமை வடிவமைப்பாளரிட்டைப் போய்ச் சேர்ந்தது. பிடிபட்டது எப்பிடியெண்டால், அவற்ற மனுசி அதை இங்கிலாந்தில ஒரு போட்டோக்கொப்பிக் கடையில குடுத்திருக்கிறா, கடையில வேலை செய்தவர் பெராரிக்கு அறிவிச்சிட்டார். மக்லரனுக்கு 100 மில்லியன் டொலர் தண்டம், அந்த வருசத்துக் கட்டமைப்பாளர் புள்ளி, அதாவது ரீமுக்குக் கிடைக்கிற புள்ளி, எல்லாம் போச்சு. இவ்வளவும் ஒரு கொப்பிக் கடையால.

வெளியில வரும் தம்பி. சுவிஸில இருந்து ஊருக்கு ஒரு மெசேஜ் வர எவ்வளவு நேரம்? இஞ்சாலைச் செயலாளர் அதை வேறை ஆரிட்டையும் கேள்விப்பட முதல் நீ போ.

அச்சுக்கூடத்தார்

விடிய முதல் போவும். போன் வேண்டாம், ஆளாப் போம். முதலில சுவிஸ் பெடியனுக்கு ஒரு வரி: “அது மற்றக் கழகத்தின்ர, தவறுதலா வந்திட்டுது, தயவுசெய்து அழிச்சுவிடுங்கோ. நிறத்தைப் பற்றி நான் சொன்னது பொய், நேரில கதைக்கிறன்.” அவ்வளவும் காணும். விளக்கம் எழுத வெளிக்கிட்டால் அதிலயும் பொய் வரும்.

கூத்துக்காரி

அட்வான்சையும் கையோட கொண்டு போங்கோ தம்பி. வாங்கினாலும் வாங்காட்டிலும்.

வாய்க்கால்கரை

நாலு நாளாப் போச்சு. கேட்டவைக்காக எழுதுறன்.

சுவிஸ் பெடியன் அழிச்சிட்டன் எண்டு சொன்னார். நல்ல பெடியன். அங்காலைத் தலைவர் அட்வான்சைத் திருப்பி வாங்கேல்லை. “நீ இஞ்சாலைப் பெடியன் எண்டு தெரிஞ்சுதானே வந்தனாங்கள்” எண்டவர். பொய் சொன்னதைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை, அதுதான் கூடச் சுட்டது. லோகோவை மட்டும் முடிச்சுத் தரச்சொன்னவர். ஜேர்சியும் வீடியோவும் வவுனியாவில வேறை ஆளிட்டைக் குடுக்கினம்.

இஞ்சாலைச் செயலாளர் அண்ணை வயலில நிண்டவர். நான் சொல்லி முடியுமட்டும் மம்பெட்டியைக் கீழ வைக்கேல்லை. வரம்பு கட்டிக்கொண்டே கேட்டவர். சண்டை முடிஞ்சு 2010இல ஊருக்குத் திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலில இருக்கேக்கை, அவரும் எங்கட அப்பாவும் இன்னும் ரெண்டு பேரும்தான் கழகத்தைத் திருப்பித் தொடங்கினவை. அப்ப ஜேர்சி இல்லை, எல்லாரும் நிவாரணத்தில கிடைச்ச வெள்ளை ரீசேட். அதை ஒருக்காலும் சொல்லிக் காட்டாதவர், அண்டைக்கும் சொல்லேல்லை. கடைசியா, “அவை எவ்வளவு தந்தவை?” எண்டு கேட்டவர். சொன்னன். கொஞ்ச நேரம் பேசாமல் நிண்டிட்டு, “நாங்கள் உனக்கு ஒழுங்காத் தரேல்லைத்தான்” எண்டவர்.

நிறத்தை மாத்தேல்லை. பனம்பழம்தான். அங்காலைக்குத் தெரிஞ்சாலும் பரவாயில்லையாம். ஆனால் இனி வேலை என்னட்டை வராது போல கிடக்கு. கழக லோகோவிட திறந்த பைலைத் தரச்சொல்லிக் கூட்டத்தில முடிவெடுத்திருக்கினம்.

சட்டப்புத்தகம் அண்ணை சொன்னபடி அது என்னுடையது. குடுக்கவேணுமோ?

சட்டப்புத்தகம்

சட்டப்படி கொடுக்கத் தேவையில்லை.

விசில்காரன்

இறுதிப்போட்டி அண்டைக்கு எந்தப் பக்கம் நிப்பாய்?

வாய்க்கால்கரை

ஸ்கோர் போட்டுக் காட்டுற திரைக்கு ஆள் வேணுமாம், ஏற்பாட்டுக்குழு கேட்டது. அங்க நிக்கலாம் எண்டு யோசிக்கிறன்.

விசில்காரன்

டேய்!

அச்சுக்கூடத்தார்

திரைப்பக்கம் போகாதையும். பைலைக் குடும். குடுக்க முதல் கண்ணை மூடி வைச்சிருக்கிற லேயர் எல்லாத்தையும் ஒருக்காத் திறந்து பாரும்.